260 டன் பெட்டி: விண்வணிக விளையாட்டில் கன்டெய்னர் அளவு எங்கே உதைக்கிறது?

கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு ஏற்றி விற்கும் விளையாட்டு எழுதுகிறவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தக் கேள்வியில் முட்டிக்கொள்கிறார்கள்: ஒரு பெட்டி என்றால் எவ்வளவு? நாங்கள் முட்டிக்கொண்டது எட்டாவது மாதத்தில். நான் சேலத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறேன், ஏற்காட்டில் இருக்கும் நண்பன் கப்பல் படங்கள் வரைகிறான். மூன்றாவது ஆள் என் பெரியப்பா. லீ பஜாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். விளையாட்டு அவருக்குத் தெரியாது, லோடு தெரியும். ஒரு நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இந்தப் பொட்டி 260 டன்னுன்னு காட்டுதே, கீழ என்ன மலையவா அள்ளிப் போட்டிருக்க?" என்றார். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

கீழே இருப்பவை எங்களுக்கு வந்த கோளாறுகள், வந்த வரிசையில். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போகலாம். ஆனால் முதலில் சில எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதடிக் கன்டெய்னரின் வெளி அளவு 6.06 மீ நீளம், 2.44 மீ அகலம், 2.59 மீ உயரம். வெளிக் கன அளவு 38 கன மீட்டர், உள்ளே கிடைப்பது சுமார் 33. காலி எடை 2.3 டன் பக்கம். சரக்கோடு சேர்த்து உச்ச எடை 30.48 டன். ஆக உள்ளே போடக்கூடியது 28 டன். நாற்பதடிக்கு உள் கன அளவு 67 ஆக இரட்டிப்பாகும். ஆனால் நெடுநாள் வழக்கத்தில் அதற்கும் உச்ச எடை அதே 30.48 டன்தான். பெட்டி பெரிதானால் எடையும் அதே அளவு ஏறும் என்று நினைத்து எழுதியிருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள்.

"ஒரு பெட்டி எஃகு 260 டன் காட்டுகிறது"

பெரியப்பா கண்டுபிடித்தது இதைத்தான். காரணம் எளிது. கன அளவை அடர்த்தியால் பெருக்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டோம். 33 கன மீட்டர், எஃகு கன மீட்டருக்கு 7.85 டன், பெருக்கினால் 259. கணக்கு சரி, பெட்டிதான் பொய். அந்த எடையில் அடித்தட்டு பெயர்ந்து விழும்.

சேலத்துச் சாலையில் நின்று பார்த்தால் இது பாடமே நடத்தாமல் புரியும். வெள்ளைக்கல் ஏற்றிய லாரியில் தொட்டி பாதிகூட நிரம்பியிருக்காது, ஆனால் பட்டை அமுங்கி வண்டி முக்கிக்கொண்டு போகும். பஞ்சுப் பொதி ஏற்றியது கயிறு கட்டி வானத்தைத் தொடும், டயர் நோகாது. முதல் லாரி எடையில் நிரம்பிவிட்டது, இரண்டாவது இடத்தில் நிரம்பிவிட்டது. எந்தப் பெட்டியும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் நிரம்பும். எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை.

திருத்தம் ஒரே வரி. ஏற்றக்கூடிய எடை = (உள் கன அளவு × கொட்டடர்த்தி, அதாவது நடுவே உள்ள காற்றோடு சேர்த்த அடர்த்தி), 28 டன் ஆகிய இரண்டில் சிறியது. 28-ஐ 33-ஆல் வகுத்தால் 0.85. கன மீட்டருக்கு 0.85 டன்னுக்குக் கீழே உள்ள சரக்கு பெட்டியை அடைத்துக்கொள்ளும், மேலே உள்ளது எடையில் நின்றுவிடும். எஃகு 28 டன்னில் நிற்கும்போது பெட்டியில் ஒன்பதில் ஒரு பங்கு இடம்தான் போயிருக்கும். மீதி வெறும் காற்று. விளையாடுகிறவர் "பெட்டி காலியாக இருக்கிறதே, ஏன் ஏற்ற முடியவில்லை" என்று கேட்பார். 'எடையில் நிரம்பியது' என்று திரையில் எழுதிக் காட்டுங்கள், பாதிச் சண்டை தீரும்.

"ஜவ்வரிசியும் அரிசியும் ஒரே எடைக்கு வருகின்றன"

மேலே 'கொட்டடர்த்தி' என்று எழுதியதை நாங்களே ஒரு வாரம் தவறவிட்டோம். பாடநூலில் இருப்பது திண்ம அடர்த்தி. மூட்டையில் இருப்பதோ மணிகளும் மணிகளுக்கு நடுவே காற்றும். தேடி அலைய வேண்டாம், சமையலறைக்குப் போங்கள். ஒரு லிட்டர் அளவுக் குவளையில் ஜவ்வரிசியைத் தலைதட்டிக் கொட்டித் தராசில் வைத்தேன்: 640 கிராம் சொச்சம். அரிசி 780 பக்கம் வந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோவோ, கன மீட்டருக்கு அத்தனை டன். மாற்றவே வேண்டாத எண்.

மிளகு வியாபாரத்தில் இது தரத்துக்கே பெயர். லிட்டருக்கு 500 கிராம் மிளகு, 550 கிராம் மிளகு என்றுதான் பேரம் பேசுவார்கள். மணி பொக்கா கெட்டியா என்பதை லிட்டர் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஏற்காட்டு நண்பன் இதைச் சொன்னதும் அதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்தோம். ஒரே பெயருள்ள சரக்கு, இரண்டு லிட்டர் எடை, இரண்டு விலை. ஒரு வரியும் கதை எழுதாமல் சந்தைக்கு உயிர் வந்தது.

இதன் மேல் இன்னொரு பத்து சதவீதத்தைக் கழியுங்கள். மூட்டையாக அடுக்கினால் மூட்டைக்கு மூட்டை சந்து விழும். சரிபார்க்க வேண்டுமா? 60 கிலோ காபி மூட்டை ஒரு இருபதடிப் பெட்டியில் 320 ஏறுவது வழக்கம். 19.2 டன். 33-ஆல் வகுத்தால் 0.58. பச்சைக் காபிக்கொட்டையின் கொட்டடர்த்தி இதைவிடக் கொஞ்சம் கூட. வித்தியாசம் முழுக்க சந்துகள். உங்கள் அட்டவணையில் காபிப் பெட்டி 19 டன்னை ஒட்டி வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 28 வந்தால் திரும்பிப் போய் எதைப் பெருக்கினீர்கள் என்று பாருங்கள்.

"எவ்வளவு ஏற்றினாலும் கப்பல் ஒரே மாதிரி பறக்கிறது"

சரக்கறையைக் கன அளவில் மட்டும் எண்ணினால் வரும் நோய். பழைய பழக்கத்தின் மிச்சம் இது. 'டன்' என்ற சொல்லே பீப்பாயிலிருந்து வந்தது. பழைய கப்பல் பதிவில் ஒரு டன் என்பது 100 கன அடி இடமாக இருந்தது, எடையே இல்லை. டிராவலர் என்ற மேசை விளையாட்டில் ஒரு டன் என்றால் ஒரு டன் திரவ ஹைட்ரஜன் பிடிக்கும் இடம், அதாவது சுமார் 14 கன மீட்டர். எரிபொருள் தொட்டியையும் அறையையும் ஒரே அலகில் எண்ண அது அருமையான யோசனை. ஆனால் எஃகையும் பஞ்சையும் கப்பல் ஒன்றாகவே தூக்கும்.

விண்வெளியில் எடை இல்லை, நிறை எங்கும் போகாது. ஒரு கணக்கைக் கிட்டத்தில் பாருங்கள். எங்கள் சோதனைக் கப்பலின் காலி நிறை 200 டன், எரிபொருள் 300 டன், ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சின், வெளியேறும் வாயுவின் வேகம் விநாடிக்கு 4.4 கிமீ. ராக்கெட் சமன்பாடு தெரிந்ததுதான்: வாயு வேகத்தை, தொடக்க நிறை வகுத்தல் இறுதி நிறையின் இயல் மடக்கையால் பெருக்க வேண்டும்.

வருவது கப்பல் மொத்தமாக எவ்வளவு வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பது. பெட்டியே இல்லாமல் விநாடிக்கு 4.03 கிமீ வருகிறது. 12 காலிப் பெட்டியோடு 3.70. அதே 12-இல் ஜவ்வரிசி நிரப்பினால் 2.23. எஃகோ வெள்ளியோ உச்ச எடைக்கு நிரப்பினால் 1.87. பன்னிரண்டு பெட்டியும் சரக்கறையில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன, போய்ச் சேரும் தூரம் வேறு. காலிப் பெட்டிக்கே விநாடிக்கு 330 மீட்டர் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதுவரை எங்கள் விளையாட்டில் காலிப் பெட்டிகள் இறக்கியதும் மாயமாக மறைந்துகொண்டிருந்தன. பெரியப்பா கேட்ட முதல் கேள்வியே "ரிட்டர்ன் லோடு இல்லாம எப்படிக் கட்டுப்படியாகும்?" என்பதுதான். அன்றிலிருந்து காலிப் பெட்டியும் ஒரு சரக்கு. திருப்பிக் கொண்டுவர வேண்டும், இல்லை அங்கேயே மலிவாக விற்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் வழித்தடங்களே மாறிப்போயின.

"எடை வாடகையில் எல்லோரும் எஃகு மட்டும் ஏற்றுகிறார்கள்"

வாடகையை டன்னுக்கு மட்டும் வைத்தால் பஞ்சை யாரும் தொட மாட்டார்கள், கன மீட்டருக்கு மட்டும் வைத்தால் எஃகைத் தொட மாட்டார்கள். நிஜ உலகம் இதைத் தீர்த்து வைத்தாயிற்று. விமானச் சரக்கில் செமீ கணக்கில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். கப்பல் சில்லறைச் சரக்கில் ஒரு டன், ஒரு கன மீட்டர், எது அதிகமோ அது. நீங்கள் ஒரு கன மீட்டருக்கு 0.85 டன் என்பதை மாற்று விகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாக உங்கள் பெட்டி இரண்டிலும் சேர்ந்து நிரம்பும் புள்ளி அது.

"ஏழு மீட்டர் அகலச் சரக்கறையில் இரண்டு வரிசைதான் நுழைகிறது"

படம் வரைகிறவரும் எண் எழுதுகிறவரும் பேசிக்கொள்ளாத வீட்டில் நடப்பது. 2.44-ஐ மூன்றால் பெருக்கினால் 7.32. ஏழில் இரண்டு வரிசைதான், அகலத்தில் முப்பது சதவீதம் வீண். கப்பலை வரைந்துவிட்டுப் பெட்டியைத் திணிக்காதீர்கள், பெட்டியை அடுக்கிவிட்டு அதைச் சுற்றிக் கப்பலை வரையுங்கள். மூன்று வரிசைக்கு 7.6 மீ கொடுங்கள், இடுக்கில் பூட்டும் தண்டவாளமும் வர வேண்டுமே.

கன அளவிலும் ஒரு முறை உரசிப் பார்த்துவிடுங்கள். நண்பன் வரைந்த அழகான கப்பல் 40 மீ நீளம், 15 மீ அகலம், 8 மீ உயரம். முழுசாகக் குடைந்தாலும் 4,800 கன மீட்டர். நான் அதற்கு எழுதிவைத்திருந்தது 500 பெட்டி. வெளி அளவில் அவை மட்டும் 19,000 கன மீட்டர்! இங்கே உள் கன அளவைப் போடக் கூடாது, வெளி அளவு. எஞ்சின், தொட்டி, நடைபாதை எல்லாம் போகச் சரக்குக்குப் பாதி கொடுத்தால் தாராளம். 500 என்பது 60 ஆனது. அவன் இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு உபரித் தகவல். இருபதடிப் பெட்டி உண்மையில் இருபதடி இல்லை, 6.058 மீ, அதாவது ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டைக் கோத்து நடுவில் 76 மிமீ இடைவெளி விட்டால் நாற்பதடியின் 12.192 மீ துல்லியமாக வரும். பத்தடிப் பெட்டி 2.991 மீ, அதே கதை. உங்கள் அரைப் பெட்டி, கால் பெட்டிகளையும் இப்படி இடைவெளியைக் கழித்து வெட்டினால் பூட்டுகள் எல்லாம் ஒரே புள்ளியில் விழும். நேராகப் பாதியாக்கினால் மோதல் கண்டறியும் நிரல் இரவு முழுக்கக் கத்தும். எங்களுக்குக் கத்தியது.

"பெட்டி கப்பலில் ஏறுகிறது, நிலையத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது"

எனக்கு மிகப் பிடித்த கோளாறு இது. ஏனென்றால் பெட்டியின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இதில்தான் விளங்கியது. நான் அதுவரை சரக்கறையின் அளவிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பனைச் சமாதானப்படுத்த ஏற்காடு போன அன்று. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் கீழிருந்து வந்த லாரி ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் பின்னுக்கு எடுத்து, கிளீனர் பையன் இறங்கிக் கல் வைத்து, "வரட்டும் வரட்டும், ஒடி ஒடி" என்று கத்தி, மறுபடி முன்னுக்கு. நாங்கள் பேருந்துக்குள் பத்து நிமிடம். அப்போது உறைத்தது: நாற்பதடி டிரெய்லர் இந்த மலை ஏறாது. எஸ்டேட்டில் காபி எவ்வளவு விளைந்தாலும், துறைமுகத்தில் எவ்வளவு பெரிய கப்பல் நின்றாலும், அது இந்த வளைவு விடுகிற வண்டியில்தான் இறங்கும். எஸ்டேட்டுக்குள் இன்னும் சின்ன வழி, அங்கே ஜீப்பும் பிக்கப்பும். களத்திலிருந்து ஜீப்புக்கு ஒரு ஆளின் தோள், அதனால் மூட்டை ஐம்பது, அறுபது கிலோ. தோளும் வளைவும்தான் அளவெடுத்திருக்கின்றன. கப்பலை யாரும் கேட்கவில்லை.

உங்கள் விளையாட்டிலும் தேட வேண்டியது அந்த வளைவையும் தோளையும்தான். நிஜ விண்வெளியிலும் அவை இருக்கின்றன. விண்கலங்கள் இணைவதற்கான சர்வதேசத் தர வாயிலின் வழி 80 செமீ விட்டம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தொகுதிகளுக்கு நடுவே உள்ள பெரிய கதவு 1.27 மீ சதுரம். தரையிலிருந்து ஏற்றுகிற வழியில் ராக்கெட் மூக்கு உறை: இஸ்ரோவின் எல்விஎம்3-க்கு 5 மீ விட்டம். நம் இருபதடிப் பெட்டியின் குறுக்கு வெட்டு மூலைக்கு மூலை 3.56 மீ, அதனால் உறைக்குள் போகும். எண்பது செமீ வாயிலில் அதன் மூலைகூட நுழையாது.

விண்வெளி நிலையத்துக்கு மூட்டையும் இருக்கிறது. நாசா பயன்படுத்தும் துணிச் சரக்குப் பை, ஒற்றை அளவு 50 × 42 × 25 செமீ, 0.053 கன மீட்டர், சுமை சுமார் 27 கிலோ வரை. நம் அறுபது கிலோ மூட்டையின் விண்வெளித் தம்பி. ஒரு இருபதடிப் பெட்டியின் உள் இடத்தில் இவை கணக்குக்கு 620 அடங்கும்.

ஆகவே பெட்டியை ஒரே அளவில் வைக்காமல் மூன்று படியாக உடைத்தோம். ஆள் தூக்கும் பை, வாயிலில் நுழையும் பேழை (கதவு 1.27 மீ என்றால் வெளி அளவு 1.1 மீ தாண்டாமல்), வெளித் தளத்தில் மட்டும் பூட்டும் கன்டெய்னர். பழைய சின்ன நிலையத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோனால் வெளியே நிறுத்திப் பேழை பேழையாக இறக்க வேண்டும், நேரமும் கூலியும் ஆகும். புதுத் துறைமுகத்தில் ஐந்து நிமிடம். சின்ன நிலையத்தில் விலை ஏன் அதிகம் என்பதற்குத் தனியாக ஒரு மாறி எழுதியிருந்தேன், அதைத் தூக்கி எறிந்தேன். கதவே விலையை ஏற்றிவிடுகிறது.

"பெட்டிக்குள் காற்றடைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டுவிட்டார்"

எல்லா விளையாட்டுக்கும் ஒருவர் இப்படி வருவார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஒரு வளிமண்டல அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 10 டன். பெட்டியின் கதவுப் பக்கம் 6.3 சதுர மீட்டர், வெற்றிடத்தில் வெளியே தள்ளும் விசை 65 டன். நீளப் பக்கச் சுவரில் 160 டன்னுக்கு மேல். நெளிதகடு தாங்காது, ஊதிய பலூன் ஆகும்.

இரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடம் பட்டாலும் பரவாயில்லாத சரக்குக்குச் சாதாரணப் பெட்டி: எஃகு, தாது, இயந்திரம். காற்று வேண்டிய சரக்குக்கு அதே சட்டத்துக்குள் படுக்கவைத்த உருளை. சதுரத்துக்குள் வட்டம் என்றாலே 78 சதவீதம்தான், 2.3 மீ விட்டத்துக்கு 24 கன மீட்டர் கிடைக்கும். பூமியில் ஓடுகிற தொட்டிக் கன்டெய்னர்களும் இதே அளவை ஒட்டித்தான் இருக்கின்றன. ஜவ்வரிசி, காபி எல்லாம் உருளைக்குப் போய்விடும், விலையும் ஏறும். மாம்பழத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

திரவமும் இதே உருளையில்தான். தண்ணீர் 24 டன். திரவ ஹைட்ரஜன் அதே தொட்டியில் வெறும் 1.7 டன், தொட்டியின் காலி எடையைவிடக் குறைவு. திரவ ஆக்சிஜன் 27 டன்னைத் தாண்டும், தொட்டி எடையையும் சேர்த்தால் 30.48-ஐ மீறும், வாய் வரை நிரப்ப விடாதீர்கள்.

"ஒரே நடையில் எல்லோரும் கோடீஸ்வரர்"

ஒரு பெட்டி வெள்ளி என்று விற்க விட்டிருந்தோம். 28 டன் வெள்ளி! கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதியதற்கு வெட்கம்தான். இங்கே வெள்ளியைப் பட்டறைக்கு யாரும் லாரியில் கொண்டுவருவதில்லை, பையில் கொண்டுவருகிறார்கள். 1984-இல் வந்த எலைட் விளையாட்டே இதைத் தெரிந்து வைத்திருந்தது: சாதாரணச் சரக்கு டன்னில், தங்கமும் பிளாட்டினமும் கிலோவில், ரத்தினம் கிராமில். விலையுயர்ந்ததை மேலே சொன்ன ஆள் தூக்கும் பையில் மட்டும் விற்கட்டும். சந்தை ஒரு நாளில் எத்தனை பை வாங்கும் என்று ஒரு வரம்பு. அவ்வளவுதான்.

"திருத்தம் போட்டதும் பழைய சேவ் கோப்புகள் செத்துவிட்டன"

பழைய கோப்பில் 'சரக்கு: 40' என்று மட்டும் இருக்கும். அதைத் திறந்த உடனே புது அலகுக்கு மாற்றினால் நடுவானில் கப்பலின் நிறை எகிறும், எரிபொருள் போதாது, விளையாடுகிறவர் பாவம் சூரியனுக்குள் போய் விழுவார். பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு 'இன்னும் மாற்றவில்லை' என்று ஒரு கொடி மட்டும் நட்டுவிடுங்கள். அடுத்த நிலையத்தில் இறங்கியதும், அங்கே எடைமேடையில் மாற்றுங்கள். வரம்பை மீறியதை அன்றைய விலைக்கு நிலையமே வாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் இதைச் செய்வதற்குள் நண்பனின் கப்பல் மட்டும் மாட்டிக்கொண்டது, 400 டன் வெள்ளியோடு. பெரியப்பா அதற்கு ஓவர்லோடு அபராதம் எழுதச் சொன்னார். எழுதினேன்.